கொடிமரத்தைப் பிடித்தவள்

இப்போதெல்லாம் பெண்டாட்டி திட்டினாலும் சரி, அண்டை வீட்டான் முறைத்தாலும் சரி, தாஞ்சியர் துறைமுகத்துச் சனங்கள் ஓடிவந்து அமெரிக்கத் தூதரகக் கொடிமரத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். பிடித்தவரை மொராக்கோ சுல்தானே வந்தாலும் இழுத்துப்போக முடியாது. அந்தத் துணிச்சல்தான். இன்று காலை முகத்தை மூடி முக்காடிட்ட ஒரு பெண் பிடித்திருந்தாள்.

"யாருக்குப் பயந்து வந்தே?" என்றார் காவல்காரர் அயாஷி.

"அப்பாவுக்கு," என்றாள் அடிக்குரலில். "நாளைக்குக் கப்பலேத்தி, நான் பார்க்காத ஒரு கிழவனுக்குக் கட்டிவைக்கப் போறார்."

"எல்லாரும் இப்படித்தான் கதை சொல்றீங்க."

தூதர் விட்காம் வெளியே வந்தார். "அவளை விடு, அயாஷி. கொடியைப் பிடிச்சவங்களை நான் யார்கிட்டயும் ஒப்படைச்சதில்ல."

"பெத்தவன் வந்து கேட்டா, ஐயா?"

"எந்தக் கொம்பன் கேட்டாலும் தரமாட்டேன். இது என் வாக்கு."

வாசலில் நின்ற கூட்டம் தலையாட்டியது. அவள் முக்காட்டை விலக்கினாள். தூதரின் மகள் ஹெட்டி.

"ஊரே கேட்டுச்சுப்பா," என்றாள்.

விட்காம் மகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அயாஷியிடம், "கப்பல்ல ஏத்தின இவ பெட்டியை இறக்கிட்டு வரச் சொல்லு," என்றார்.

"முதல்ல அந்தக் கப்பல் கிளம்பிப் போகட்டும், அப்புறம் ஐயா வாக்கை நம்பறேன்," என்று முனகியபடி அயாஷி வாசலைத் தாண்டி நடந்தார்.