ஆர்வில் பார்த்துச் சொன்னான்

"எதுக்கு இர்மா வீண் செலவு? நெல்ஸ் இருந்தவரைக்கும் என் பைனாகுலர்லதானே எல்லாருக்கும் பார்த்துச் சொன்னேன்?" கடையில் பைனாகுலர் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், நெல்ஸின் வேட்டைக் கூட்டாளி ஆர்வில் சலித்துக்கொண்டான்.

நெல்ஸ் அவள் கணவன். மொன்டானா மலையில் ஒரே ஒரு ஆண் எல்க் மானாவது அடித்துவிட வேண்டுமென்று ஏங்கியே போய்ச் சேர்ந்தான். அவர்களுடைய வேட்டை அனுமதிச் சீட்டில் பெட்டையைச் சுடக்கூடாது. வருஷா வருஷம் ஆர்வில் பார்த்து, "எல்லாம் பெட்டைடா" என்பான். நெல்ஸ் துப்பாக்கியை இறக்கிவிடுவான்.

இர்மா நல்லதாகவே ஒன்று வாங்கினாள்.

வேட்டை சீசனின் முதல் காலையில் இருவரும் பாறைமேல் படுத்திருந்தார்கள். ஆர்வில் முந்திக்கொண்டான்.

"எல்லாம் பெட்டைதான். கிளம்பு, குளிர்ல விறைச்சிடப் போறே."

இர்மா தன் பைனாகுலரின் திருகை மெல்லத் திருப்பினாள். எதிர்ச்சரிவின் புதருக்குள் ஒரு தலை தெளிந்தது. அதன்மேல் கிளைகிளையாகக் கொம்பு.

"அப்படி என்னதான் தெரியுது?" என்றான் ஆர்வில்.

"நாளைக்கு உன் வீட்டுச் சுவத்துல தொங்கப்போறது."

ஒவ்வொரு வருஷமும் மறுநாள் தனியாக வந்து ஆர்வில் அடித்துப்போன மான்களின் கொம்புகள் அந்தச் சுவரில் வரிசையாக இருந்தன. அவற்றின் கீழே நின்றுதான், "அதிர்ஷ்டக்காரன்டா நீ" என்று நெல்ஸ் ஒவ்வொரு முறையும் அவன் கையைக் குலுக்கியிருக்கிறான்.