கழற்றக் கூடாத கதவு

“மேஸ்திரி, கதவு எங்கே?”

மால்சுன் சந்தின் ஏற்றத்திலேயே நின்றுவிட்டாள். பூசான் நகரத்து மலைச்சரிவில் அறுபத்தாறு வயதில் ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கும். ஆனால் இப்போது மூச்சே நின்றுபோனது. வீட்டு வாசலில் நீலக் கதவு இல்லை. சாம்பல் நிறத்தில் புத்தம்புதுசாக ஒன்று பளபளத்தது.

மேஸ்திரி சங்பே பல்லைக் காட்டினான். “எப்படி இருக்கு முதலாளியம்மா? என் கைக்காசு! கோவிச்சுக்காதீங்க. நேத்து அந்தப் பழசு தபால்காரர் கால் மேல சாயப் பார்த்துச்சு. கீல் பூரா துரு.”

“கழட்டாதே, கழட்டாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“சொன்னீங்க. நானும் ஒன்பது தடவை சுரண்டி, ஒன்பது தடவை நீல பெயின்ட் அடிச்சேன். அதுல இரும்பே இல்லைம்மா, வெறும் பெயின்ட்தான் நிக்குது!”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பழைய வீடுகளை வாங்கி, கூரை மாற்றி, குளிருக்காகத் தரைக்கடியில் சுடுநீர்க் குழாய் புதிதாக ஓட்டி, வாடகைக்கு விடுவதுதான் மால்சுன்னின் தொழில். ஆறு வீடு அப்படிப் பார்த்தாயிற்று. எந்த வீட்டிலும் பழைய ஆணி ஒன்றைக்கூட விட்டுவைக்க மாட்டாள். இந்த வீட்டிலும் உள்ளே எல்லாம் புதுசுதான். வாசல் கதவில் மட்டும் யாரையும் கை வைக்க விடமாட்டாள். வீடு பார்க்க வரும் இளசுகள் அந்தத் துருவைக் கண்டதுமே உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுவார்கள். நாலு மாதமாக வீடு பூட்டிக் கிடந்தது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில். “பையன் வருவான்.”

நாலு வயதில் மீன் சந்தைக் கூட்டத்தில் கைநழுவிப் போன பையன். அநாதை விடுதிக்குப் போய், அங்கிருந்து யாரோ வெளிநாட்டுக்காரர்களுக்குத் தத்துப் போனான் என்பதுவரை தெரியும். அதற்குமேல் ஒரு தடயமும் இல்லை.

“பெத்த மனசு, எனக்கும் புரியுது,” என்றான் சங்பே. “ஆனா நாப்பது வருஷம் ஆச்சே! வர்றவன் போலீஸ்ல விசாரிச்சுட்டு வரமாட்டானா? கதவைத் தேடிக்கிட்டா வருவான்?”

“நாலு வயசுப் பிள்ளைக்கு முகவரி தெரியுமா, அப்பன் பேர் தெரியுமா? நீலக் கதவுன்னுதான்டா தெரியும்! போ, பழசை எடுத்து மாட்டு.”

“வண்டியில கிடக்கு. பழைய இரும்புக் கடைக்குப் போகப் போகுது.” அவன் முணுமுணுத்தான். “இன்னிக்கு எல்லாருக்கும் நீலப் பைத்தியம் பிடிச்சிருக்கு போல. காலையிலகூட ஒருத்தன் வந்து ‘நீலம், நீலம்’னு...”

மால்சுன் ஓரடி முன்னால் வந்தாள். “யாரு? எப்படி இருந்தான்?”

“முகம் நம்ம ஆளு மாதிரிதான். பேச்சுதான் வரலை. கையில ஒரு காகிதம். இங்க நீலமெல்லாம் கிடையாதுன்னு சொன்னேன், மேலே ஏறிப் போயிட்டான்...” சொல்லச் சொல்ல அவன் குரல் உள்ளே போனது. “ஐயையோ, முதலாளியம்மா!”

“அடப் பாவி! குடியைக் கெடுத்தியே!”

“ஓடிப் போய்த் தேடறேன்.”

“மேலே நூறு சந்து இருக்கு, எதுல தேடுவே? இறங்கறதுக்கு இது ஒண்ணுதான் வழி. அந்தக் கதவை இறக்கு!”

இருவருமாக அதை வண்டியிலிருந்து இழுத்து, நடுச்சந்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள். கை கடுத்தது. மால்சுன் விடவில்லை. தூக்கத்தில்கூட எத்தனையோ நாள் அந்தப் பையனோடு பேசியிருக்கிறாள். சாப்பிட்டானோ, அங்கே குளிரோ என்று ஏங்கியிருக்கிறாள். வந்துடு கண்ணா, வந்துடு என்று இப்போது வாய்விட்டே புலம்பினாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் இறங்கி வந்தான். தலையில் நரை விழுந்த ஆள். தொங்கிய முகத்தோடு நடந்தவன் சட்டென்று நின்றான். பிறகு கதவின் அருகே மண்டியிட்டு, சின்னப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்த கம்பியைப் பிடித்துப் பார்த்தான். நிமிர்ந்து மால்சுன்னைப் பார்த்தான்.

“அம்மா?”

இதற்காகவே கற்றுக்கொண்டு வந்த வார்த்தை போலிருந்தது. சங்பே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

ஆமாம் என்று தலையாட்டிவிட ஒரு கணம் அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அவன் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

“இல்லப்பா, நான் உங்கம்மா இல்லை,” என்றாள் மால்சுன், அவனுக்குப் பேச்சு புரியாது என்பதையும் மறந்து. “பதினோரு வருஷத்துக்கு முந்தி இந்த வீட்டை எனக்கு வித்தவங்கதான் உங்கம்மா; ‘மகன் வர்ற வரைக்கும் இந்த நீலக் கதவைக் கழட்டக் கூடாது’ன்னு கிரயப் பத்திரத்துல ஒரே ஒரு நிபந்தனை எழுதச் சொல்லிட்டு, அடுத்த மாசமே கண்ணை மூடிட்டாங்க.”