புள்ளிக்கு நகராத மெஷின்

"லண்டனுக்கே போய்ச் சேருங்க!" என்று சொல்லி, தன் டைப்ரைட்டரிலிருந்து பெயர்த்தெடுத்த ஆங்கில எழுத்துகள் அத்தனையையும் மலாக்கா ஆற்றில் கொட்டினான் மருதமுத்து. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திர நாளுக்கு, இன்னும் ஒரு மாதம் இருந்தது.

தேசபக்தி என்று நினைத்துவிட வேண்டாம். காரணம் பாக்கியலட்சுமி.

காஜா பேராங் சாலையோரம் உட்கார்ந்து, சர்க்காருக்கு ஆங்கிலத்தில் மனு அடித்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. இருந்தது அந்த ஒரே மெஷின்தான். கம்போங் செட்டி கிராமத்தில் இருக்கும் கலியாணசுந்தரத்தின் மகள் ஒரு நாள் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"என்சே, மெர்டேக்கா பூசையில நாங்கெல்லாம் கோயில்ல பாடணும். அம்மன் பாட்டை அடிச்சுத் தருவீங்களா? ஆளுக்கு ஒரு பிரதி வேணும்."

'ஐயா' என்பதற்கு 'என்சே' போட்டு, மலாயில்தான் கேட்டாள். மலாக்காவில் யார்தான் மலாய் பேசவில்லை! அவன் எழுதிக்கொள்வதற்காகப் பாடிக் காட்டியபோதோ, அத்தனையும் அட்சரசுத்தமான தமிழ். மருதமுத்துவுக்கு அதோடு மனசு நிலைகொள்ளவில்லை.

"தாராளமா! ஆனா அதுக்குத் தமிழ் மெஷின் வேணும் லா."

"ஏன்? இந்த மெஷினே போதுமே."

விவரம் தெரியாத பெண் என்று சிரித்துக்கொண்டான். பாட்டை நன்றாக அடித்துக் கொடுத்து, அந்தத் தெம்பிலேயே அவள் அப்பாவிடம் பெண் கேட்டுவிடுவது என்றும் முடிவு செய்துகொண்டான்.

சிங்கப்பூரில் உடைந்து கிடந்த ஒரு தமிழ் டைப்ரைட்டரின் எழுத்துகளை வரவழைத்து, ஈயப்பற்று வைத்து ஒட்டினான். அதன் பிறகுதான் வினை தொடங்கியது. ஆங்கில மெஷினுக்கு ஒரு தட்டுத் தட்டினால் ஓர் எழுத்து தூரம் நகரத்தான் தெரியும். புள்ளிக்கு நகரக்கூடாது என்று அதற்கு யார் சொல்வது? 'அம்மன்' என்று அடித்தால் எழுத்து ஓரிடத்திலும் புள்ளி ஓரிடத்திலும் கோபித்துக்கொண்டு நின்றன.

"பெரிய இஞ்சினியரு! மெஷினுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கப் போறாராம்!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, உள்ளே இருந்த நெம்புகோலை அரத்தால் ராவினான். அதிகம் ராவியதில் மெஷின் எதற்குமே நகர மறுத்தது. சைக்கிள் கம்பியை வளைத்து ஒட்டுப்போட்டான்.

மனு அடிக்க வந்தவர்களை "நாளைக்கு வாங்க லா" என்று திருப்பி அனுப்பினான். அவர்கள் எதிர்ச்சாரியில் டைப் அடிக்கும் நல்லையாவிடம் போய், அங்கேயே நிரந்தரமாகிவிட்டார்கள்.

பூசைக்கு முதல் நாள், புள்ளிகள் அதனதன் தலையில் ஏறி உட்கார்ந்தன. மருதமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கார்பன் வைத்துப் பிரதிகளை அடித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கலியாணசுந்தரம் வீட்டுக்குப் போனான்.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டி மகளிடம் கொடுத்தார். பாட வந்திருந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"பிழை ஏதும் இருக்கா?" என்று கேட்டான் மருதமுத்து.

"ரொம்ப அழகா இருக்கு என்சே," என்றாள் பாக்கியலட்சுமி. "ஆனா தலைமுறை தலைமுறையா மலாயே பேசற எங்க கம்போங்ல யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்துல எழுதி வெச்சுத்தான் பாடுவோம்."

"பரவாயில்லை," என்றார் கலியாணசுந்தரம் பெருந்தன்மையாக. "நல்லையாகிட்ட குடுத்தா சாயங்காலத்துக்குள்ள அடிச்சிடுவாரு. நல்ல பையன்."

சபாஷ்டா மருதமுத்து என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். பெண் கேட்க வந்தவன் கேட்டது இதைத்தான்:

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

பாக்கியலட்சுமி அவனை வியப்போடு பார்த்தாள்.

"சொன்னேனே என்சே, இந்த மெஷினே போதும்னு!"