சுத்தத்துக்கு இரண்டு மதிப்பெண்

கோகோ மரம் அடிமரத்திலேயே பூக்கும். அந்தப் பூவுக்குள் தேனீ நுழைய முடியாது. கடுகளவு ஈ ஒன்றுதான் நுழைந்து காய் பிடிக்க வைக்கும். அந்த ஈ பிறப்பது, பெரிய மரங்களின் நிழலில் ஈரமாக மட்கும் சருகில். இதெல்லாம் போன வருடமே எனக்குத் தெரியும். ஆனால் நான் கொண்டுபோன படிவத்தில் ‘சுத்தம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. காட்டோரத் தோட்டங்களுக்கு மதிப்பெண் போடுவது என் வேலை; தேறினால்தான் நல்ல விலை கொடுக்கும் கம்பெனி கொட்டையை வாங்கும். மயிலாத்தாளின் தோட்டத்தில், பெரிய அத்தி மரங்களின் நிழலில் கணுக்கால் புதையச் சருகு கிடந்தது. “ஒரே குப்பையா இருக்கேம்மா” என்று சொல்லி, பத்துக்கு இரண்டு போட்டுவிட்டு ஜீப் ஏறினேன்.

இந்த வருடம் தரை வழித்துவிட்டதுபோல் இருந்தது. காட்டை ஒட்டி நின்ற மூன்று அத்தி மரங்களும் இல்லை.

“கூட்டக் கூட்டச் சருகு கொட்டுதுங்க சார். அதான் மரத்தையே எடுத்துப்போட்டேன். உங்க ஆபீஸ்கூட இத்தனை சுத்தமா இருக்காதுங்க” என்று சிரித்தாள் மயிலாத்தாள்.

கோகோ மரங்களில் பூ அப்பிக்கிடந்தது. தேடியும் ஒரு காய் இல்லை.

“பூ நிக்கவே மாட்டேங்குதுங்க. மருந்து ஏதாச்சும் இருக்குங்களா?”

நான் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் வேலிக்கு அப்பால் குரல் கொடுத்தாள்.

“சென்னியண்ணா, சார் வந்திருக்காரு! வந்து கேட்டுக்குங்க!”

பக்கத்துத் தோட்டக்காரர் தலைத்துண்டை அவிழ்த்தபடி, தன் அத்தி மரங்களின் நிழலிலிருந்து வெளியே வந்தார்.

“சொல்லுங்க சார். நானும் எடுத்துப்போடட்டுங்களா?”