வேற வார்த்தை வரக்கூடாது

"கப்பல்ல எனக்கு ஏதாவது சலுகை உண்டா?"

"பத்தோட பதினொண்ணு நீ. என்னை 'சார்'னுதான் கூப்பிடணும். வேற வார்த்தை வாயில வரக்கூடாது."

"தப்பித்தவறி வந்துட்டா?"

"அன்னைக்கே கரையில இறக்கி விட்டுருவேன்."

கிளம்பும் முன் பையன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது, கடலில் திசை கண்டு கப்பல் செலுத்தக் கற்றுத்தரும் அதிகாரிக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

கடற்படையின் பயிற்சிக் கப்பலில் அவன் ஒரு நாளும் வாய் தவறவில்லை. வரைபடத்தில் கோடு பிசகியதற்காக எல்லார் முன்னிலையிலும் திட்டு வாங்கியபோதும் "சரி சார்" என்றான். இன்று காலை பயிற்சிப் படகு கவிழ்ந்து, அலை அவனை இழுத்துக்கொண்டு போனபோதும் "சார்!" என்றுதான் கத்தினான்.

மருத்துவ அறையில் கேப்டன் தொப்பியைக் கழற்றினார். "பாவம், சின்னப் பையன். இவனோட அப்பாவுக்கு யார் சொல்றது?"

"அவருக்குத் தெரியும் சார்."

கேப்டன் புரியாமல் பார்த்தார். அதிகாரி வெள்ளைத் துணியை விலக்கி, பையனின் ஈரத் தலையைக் கோதினார்.

"டேய் கண்ணா, ஒரே ஒரு தடவை அப்பான்னு கூப்பிடுடா. கரையில இறக்கி விட்டுடறேன்."