தொண்ணூற்றேழு பங்கு வெளிச்சம்

கீழ்நகரத்தில் வீட்டுக்கு ஒரு விளக்குதான். அதுவும் கீரை வளர்க்கும் பெட்டிக்குள்ளேதான் எரிய வேண்டும். மனிதர்கள் தடவித் தடவி நடக்கப் பழகிவிட்டார்கள்.

பெட்டிக்குச் சுவராக ஒட்டும் தாள் விற்கும் மாசிலாமணி, கடைக்கு வந்த பூங்கோதையின் கையில் மாதிரிகளை ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது வெள்ளித்தாள்மா. நூறு பங்கு வெளிச்சத்துல தொண்ணூத்தேழைச் செடிக்கே திருப்பிக் குடுத்துரும். இது பெயிண்ட் அடிச்ச அட்டை, எண்பத்தஞ்சு."

"இருக்கறதுலயே மோசமானது எதுண்ணே?"

பதினொரு வருஷ வியாபாரத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"மெல்லிசு வெள்ளைத் துணி. பாதி வெளிச்சம் வெளிய கசிஞ்சுரும். கீரை வெளிறிப் போயிரும்."

"கசியட்டும்ணே." தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். "பிள்ளை பொறந்து ஆறு மாசமாச்சு, யார் ஜாடைன்னே தெரியல. வர்றவங்க எல்லாம் மூக்கைத் தடவிப் பாத்துட்டு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. வீட்ல தினமும் சண்டை."

கடையின் மாதிரிப் பெட்டியை உள்ளே விளக்கு எரியும்போது திறப்பது சட்டப்படி குற்றம். மாசிலாமணி ஒரு ஜாண் திறந்தார்.

வெளிச்சம் பட்டதும் குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு தும்மியது. பூங்கோதை வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க மாமியார் மூக்கு," என்றாள். "அச்சு அசல்."

கதவை அவளே சாத்தினாள்.

"அந்த வெள்ளித்தாளையே குடுங்கண்ணே. கீரையாவது நல்லா வரட்டும்."