சிவப்புத் தோட்டாவும் நீலத் தோட்டாவும்

மழை விட்ட சாயங்காலம். பசறையிலிருந்து வாங்கி வந்த தோட்டாக்களைச் சுளகில் பரப்பி வைத்துக்கொண்டு, வாசலில் என் வீட்டுக்காரரும் என் அண்ணன் சந்தனமும் மல்லுக்கு நிற்கிறார்கள். சிவப்புத் தோட்டாவுக்குள் பொடி ரவை, நீலத்துக்குள் பெரிய ரவை. காட்டுப்பன்றிக்குப் பொடி ரவைதான் என்கிறார் இவர். போன ஞாயிறு குறி பார்த்துச் சுட்டதில் பப்பாளிக்காய் சல்லடையாகிவிட்டதாம். “பப்பாளிக்கா ஓடாது மச்சான், பன்னி ஓடும். அது தோலுக்குப் பொடி ரவ எறும்புக் கடி” என்கிறார் அண்ணன். “பெரிய ரவைல நாலுதான் பறக்கும். ஒன்னும் படலேன்னா?” என்கிறார் இவர். சிவப்பு உருள்கிறது, நீலம் உருள்கிறது. நான் வைத்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கிறது. கீழே என் காணியில் மரவள்ளித் தண்டு மடக்கென்று ஒடிகிறது, பிறகு இன்னொன்று. இவர்கள் காதில் விழவே இல்லை. காணி என் பேரில், அதனால் துப்பாக்கி லைசனும் என் பேரில். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? எரிச்சலில் சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும் எடுத்து, இரட்டைக்குழல் துப்பாக்கியில் குழலுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு இறங்குகிறேன். வேலியோரம் பன்றியின் முதுகு தெரிகிறது. மூச்சை அடக்கிக் குறி வைக்கிறேன்.

“ஜீவா, மொதல்ல பொடிய அடி!”

“இல்ல தங்கச்சி, பெருச மொதல்ல அடி!”

எத்தனையோ நாள் தகரம் தட்டியும் அசையாத பன்றி, அந்தக் கூச்சலில் குட்டிகளோடு காட்டுக்குள் பாய்கிறது. துப்பாக்கியோடு மெதுவாகத் திரும்புகிறேன். இரண்டு பேரும் இப்போதுதான் வாயை மூடுகிறார்கள்.